செயப்படுபொருள் எங்கே?

கணினித் துறையில் தமிழ்க் கலைச்சொற்கள் பெருகி வருவது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் சொல் பிறந்தால் மட்டும் போதாது. அது செயலைச் சரியாகக் காட்டுகின்றதா என்றும் ஆராய்தல் வேண்டும். மேசைக் கணினியில் திறந்த மூல மென்பொருள்களை நிறுவிப் பேணுங்கால் வழங்கும் சில ஏவற் சொற்களை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

1993-இல் தொடங்கப்பெற்ற டெபியன் என்னும் இயங்குதளத்தில் மென்பொருள்கள் பொதிகளாகக் கட்டப்பெற்றுக் களஞ்சியத்தில் வைக்கப்பெறுகின்றன. 2023-இல் வெளியான அதன் 12-ஆம் பதிப்பில் 64,000-க்கு மேற்பட்ட பொதிகள் இருந்தன. அவற்றுள் வேண்டியதைக் கொணர்ந்து நிறுவும் கருவி ‘ஆப்ட்’ ஆகும். டெபியனை அடியாகக் கொண்ட உபுண்டுவிலும் இதுவே வழங்குகின்றது. ‘நிறுவு’ என்பது நல்ல தமிழ், ‘பொதி’யும் குறையற்றது. இடர்ப்பாடு பிற ஏவல்களில்தான்.

ஆப்ட்டுக்கு ‘அப்டேட்’, ‘அப்கிரேட்’ என இரண்டு ஏவல்கள் உண்டு. முன்னது களஞ்சியத்துப் பொதிகளின் பட்டியலை மட்டும் புதிதாகக் கொணரும். நிறுவிய பொதி எதனையும் மாற்றாது. பின்னதே பொதிகளைப் புதிய பதிப்புக்கு உயர்த்தும். இவ்விரண்டையும் ‘புதுப்பி’ என்று ஒரே சொல்லால் கூறினால் நேர்வது என்ன? மாணவன் முதல் ஏவலை இட்டதும் கணினி காப்புப் பெற்றதென நம்பி எழுந்துவிடுவான். திருத்திய பொதி களஞ்சியத்திலேயே கிடக்கும். பழைய ஓட்டை அவன் கணினியில் அப்படியே இருக்கும்.

‘புதுப்பி’, ‘மேம்படுத்து’ என வேறு வேறு வினைகளை வைத்தாலும் குறை தீராது. எதனை என்னும் வினா எஞ்சி நிற்கும். இவை செயப்படுபொருள் குன்றா வினைகள் அல்லவா? ‘பட்டியலைப் புதுப்பி’, ‘பொதிகளை உயர்த்து’ எனின் ஐயத்திற்கு இடமில்லை.

நீக்கும் ஏவல்களும் இத்தகையனவே. ‘ரிமூவ்’ பொதியை நீக்கி, அதன் அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். ‘பர்ஜ்’ அவற்றையும் நீக்கும். சினாப்டிக் என்னும் பொதி மேலாளர் இப்பின்னதற்கு ‘முழு நீக்கம்’ எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரை இட்டுள்ளது. அதனைத் தமிழில் ‘முற்றும் நீக்கு’ என எழுதுவது மிகைக்கூற்றாகும். ஏனெனில், பயனரின் சொந்த அடைவில் அம்மென்பொருள் எழுதிவைத்த கோப்புகளைப் ‘பர்ஜ்’ தொடுவதில்லை. தம் கணினியைப் பிறர்க்கு அளிப்பவர், தம் குறிப்புகள் யாவும் அழிந்தன என எண்ணி ஏமாறுவார். ‘அமைப்புக் கோப்புகளையும் சேர்த்து நீக்கு’ என்பதே உண்மைக்கு ஒத்தது.

சொல் நீண்டால் பொத்தானில் அடங்காதே எனச் சிலர் கூறக்கூடும். அக்கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் பொத்தான் சிறிது அகலலாம்; பொருள் சுருங்கலாகாது. ஆங்கிலச் சொல்லிலும் இக்குறை உண்டே எனின், அக்குறையையும் சேர்த்து மொழிபெயர்க்க வேண்டும் என்னும் கட்டாயம் நமக்கில்லை.

ஊதியம் கருதாது இத்தமிழாக்கப் பணியில் உழைக்கும் தொண்டர் பலர். அவர்தம் உழைப்பைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. அவர்கட்கு வேண்டியது இலக்கணம் அறிந்தாரின் துணை. வகுப்பறையில் ‘எதை?’ என்று நாள்தோறும் வினவும் தமிழாசிரியப் பெருமக்கள், அவ்வினாவைக் கணினித் திரையை நோக்கியும் எழுப்புவார்களாக.