எந்த இடத்தில் காது கொடுப்பது?

பழைய பாட்டுகளை யாருக்காவது கொடுக்கும்போது மொத்தமாகக் கொட்டிவிடாதீர்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகள் கேட்டாளே என்று ஆசை ஆசையாக எண்பது பாட்டு அனுப்பினேன். பத்து நாள் கழித்து, "எல்லாம் ஒரே மாதிரி இருக்கு மாமா" என்றாள். தப்பு என்னுடையதுதான். பாட்டைக் கொடுத்தேனே தவிர, எந்த இடத்தில் காது கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. இப்போது அவளிடம் இருப்பது நான்கே பாட்டு. முதல் மூன்றோடும் ஒரு சின்னக் குறிப்பு.

முதலாவது, 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தின் 'சிங்கார வேலனே'. எஸ். எம். சுப்பையா நாயுடு இசையமைத்த ஆபேரி ராகப் பாட்டு. பாடியவர் எஸ். ஜானகி, நாகஸ்வரம் காருகுறிச்சி அருணாசலம். தொடக்கத்தில் பாட்டு நின்று, வசனம் வரும். அதைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். பாட்டு மறுபடி தொடங்குவதன் சுகமே அந்த நிறுத்தத்தில்தான் இருக்கிறது. முடிவை நெருங்கும்போது ஸ்வரங்கள் வரும். முதல் முறை ஜானகியின் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். அடுத்த முறை நாகஸ்வரத்தை மட்டும். கோயில் வீதியையே நிறைக்கிற வாத்தியம் அது. இங்கே ஒரு பெண் குரலுக்குப் பக்கத்தில் எவ்வளவு பதமாக நடக்கிறது என்று பாருங்கள்! மூன்றாம் முறை இரண்டையும் சேர்த்துக் கேட்டால், குரல் விட்ட இடத்தில் நாகஸ்வரம் எடுப்பது துல்லியமாகப் பிடிபடும். நான் இன்னும் அந்த இடத்துக்காகவே இதைக் கேட்கிறேன்.

அடுத்த இரண்டும் சேர்ந்தே வர வேண்டும். 'சுமைதாங்கி' (1962) படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய 'மயக்கமா கலக்கமா'. வாய்ப்புக் கிடைக்காமல் ஊருக்கே திரும்பிவிட நினைத்திருந்த கவிஞர் வாலிக்கு இதைப் பாடிக் காட்டியவர், படத்தில் பாடிய பி. பி. ஸ்ரீனிவாஸேதான். கேட்ட வாலி சென்னையிலேயே தங்கிவிட்டார். இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். ஸ்ரீனிவாஸ் எங்கேயும் குரலை உயர்த்தி ஆறுதல் சொல்வதில்லை, கவனியுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரல் அது.

உடனே 'உயர்ந்த மனிதன்' (1968) படத்தின் 'நாளை இந்த வேளை பார்த்து'. எழுதியவர், அன்று ஊர் திரும்பாத அதே வாலி. எம். எஸ். விஸ்வநாதன் இசை. சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது முதன்முதலில் கொடுக்கப்பட்டபோது, இதற்காகப் பி. சுசீலாவுக்குத்தான் போனது. பல்லவிக்கு முன்னால் வரும் வரிகளை அவசரப்படாமல் கேளுங்கள். சுசீலா ஒவ்வொரு சொல்லையும் உடையாமல் இறக்கி வைப்பார்.

நான்காவது, 'கவிக்குயில்' (1977) படத்தின் 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்'. இளையராஜா இசையில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய ரீதிகௌளை. இதற்குக் குறிப்பே எழுதவில்லை. மற்ற மூன்றையும் கேட்டுவிட்டு வருகிற காதுக்கு இதில் வழிகாட்டத் தேவையில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: முதல் தடவை காட்சியைப் பார்க்காதீர்கள். சமையல் வேலைக்கு நடுவிலும் போட வேண்டாம். போன வாரம் அக்கா மகள் ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டாள். "மாமா, நாகஸ்வரம் எடுக்கிற இடம் கிடைச்சிருச்சு" என்றாள். இருவரும் போனை வைக்காமல் அதை இன்னொரு முறை கேட்டோம்.