காண்பதும் கடப்பதும்
அப்துல் லத்தீஃப் அல்-பக்தாதீயின் எகிப்து நூல் பற்றிய ஒரு மதிப்பீடு

பயண இலக்கியம் என்றதும் நம்மவர் நினைவில் முதலில் எழும் பெயர் இப்னு பதூதா. 1325ஆம் ஆண்டில் தன்ஜா நகரிலிருந்து புறப்பட்டு, அரபிகள் ‘மஃபர்’ என்றழைத்த நம் தமிழகக் கரைக்கும் மதுரைக்கும் வந்து சென்றவர் என்பதால், அவர்பால் நமக்குத் தனி உறவும் உண்டு. ஆயினும், எகிப்தின் பிரமிடுகளைப் பற்றி அவர் கூறுமிடத்தில் வாசகர் சற்றுத் திகைக்க நேரும். அடி அகன்று உச்சி குறுகிய, கூம்பு போன்ற வட்டக் கட்டடங்களாக அவர் அவற்றை வருணிக்கிறார். சதுர அடித்தளமும் நான்கு முகங்களும் கொண்ட பிரமிடை அருகில் நின்று கண்டவர் இவ்வாறு எழுதியிருப்பாரா என்று ஆய்வாளர் ஐயுறுவதில் நியாயம் இருக்கிறது.

அவருக்கு ஒன்றேகால் நூற்றாண்டுக்கு முன்பே, உலகைச் சுற்ற முற்படாமல், எகிப்து எனும் ஒரே நாட்டில் ஆண்டுக்கணக்கில் தங்கி, அதன் செடி கொடிகளையும் சிதைவுகளையும் கூர்ந்து நோக்கி நூல் செய்தவர் ஒருவர் உளர். அவரே முவஃப்பகுத்தீன் அப்துல் லத்தீஃப் பின் யூசுஃப் அல்-பக்தாதீ (ஹிஜ்ரி 557–629 / கி.பி. 1162–1231). ஹதீஸ், இலக்கணம், மருத்துவம், தத்துவம் ஆகிய துறைகளில் தேர்ந்தவர். அல்-அஸ்ஹரில் பாடம் நடத்தியவர். ஹிஜ்ரி 600இல் அவர் நிறைவு செய்த ‘அல்-இஃபாதா வல்-இஃதிபார்’ அளவில் சிறியது. அவர் தம் கையாலேயே எழுதிய படி ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகத்தில் இன்றும் உள்ளது. 1800இல் இலத்தீனிலும், 1810இல் சில்வெஸ்தர் த சாசியால் பிரெஞ்சிலும் பெயர்க்கப்பட்ட இந்நூலுக்கு, 2021இல் டிம் மாக்கின்டாஷ்-ஸ்மித்தின் புதிய ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்துள்ளது. மேலை அறிஞர் இருநூறு ஆண்டுகளாகப் போற்றிவரும் இந்நூலை நம் அரபுக் கல்லூரி வட்டாரங்களில் அறிந்தோர் மிகச் சிலரே.

பெயரிலேயே அடங்கிய நெறி

நூலின் முழுப் பெயர், எகிப்து மண்ணில் நேரில் கண்ட பொருள்களும் கண்ணெதிரே நடந்த நிகழ்ச்சிகளும் தரும் பயனையும் படிப்பினையும் குறிக்கிறது. இப்பெயரில் இரண்டு சொற்கள் ஊன்றி நோக்கத்தக்கவை. ஒன்று ‘முஷாஹதா’, அதாவது கண்ணால் காண்பது. மற்றொன்று ‘இஃதிபார்’. ஸர்ஃபு ஓதிய மாணவர் எவரும் இதன் வேரை எளிதில் இனங்காண்பர். ‘அபர’ என்றால் கடந்தான் என்பது பொருள். படிப்பினையைக் குறிக்கும் ‘இப்ரத்’ இவ்வேரில் பிறந்தது. கடக்கும் துறை எனும் பொருளில் நம் கரைக்கு வழங்கிய ‘மஃபர்’ என்ற பெயரும் இதிலிருந்து வந்ததே. ஆகவே, இஃதிபார் என்பது கண்ட பொருளோடு நின்றுவிடாமல், அதிலிருந்து காணாத உண்மைக்குக் கடந்து செல்வதாகும். காணாமல் கடப்பது கற்பனை. கடக்காமல் காண்பது வெறும் வேடிக்கை. இவ்விரண்டையும் ஒருங்கே வேண்டி நிற்பதே இந்நூலின் நெறி.

பூமியில் பயணம் செய்து பாருங்கள் என்று திருமறை பல இடங்களில் ஏவுகிறது. சில இடங்களில் முன் சென்ற சமுதாயங்களின் முடிவைக் காணுமாறு கூறுகிறது (30:9). பிறிதோர் இடத்தில் இறைவன் படைப்பை எவ்வாறு தொடங்கினான் என்பதைக் காணுமாறு கூறுகிறது (29:20). மனிதர் விட்டுச் சென்றவை ஒருபுறம், இயற்கை மறுபுறம் என இரு பார்வைகள் இங்கே அமைகின்றன. யுனெஸ்கோவின் 1972ஆம் ஆண்டு உடன்படிக்கை உலக மரபுச் செல்வங்களைப் பண்பாட்டுச் செல்வம், இயற்கைச் செல்வம் என வகுத்ததை அறிந்தோர்க்கு இவ்விரு பார்வைகளும் புதியனவாகத் தோன்றா. அப்துல் லத்தீஃபின் நூலும் இரண்டையும் தழுவியதே. அய்னுஷ் ஷம்ஸில் வேலியிட்ட சிறு நிலத்தில் மட்டும் வளர்க்கப்பட்டு, பின்னாளில் அழிந்தே போன பல்சாம் செடியை அவர் ஒரு மருத்துவரின் கண்ணோடு பதிவு செய்கிறார். சாண வெப்பத்தில் கோழி முட்டைகளைப் பொரிக்க வைக்கும் எகிப்தியர் முறையை, படித்தவர் தாமே செய்து பார்க்கலாம் என்னும் அளவுக்கு விளக்குகிறார்.

பழஞ்சின்னங்களின் அதிகாரம்

எனினும், நூலின் உயிர்நாடி பழஞ்சின்னங்களைப் பற்றிய அதிகாரமே. ஸலாஹுத்தீன் காலத்தில் கராகூஷ் எனும் அமீர் சிறு பிரமிடுகள் பலவற்றை இடித்து, அக்கற்களைக் கட்டடப் பணிகளுக்குப் பயன்படுத்தியதை ஆசிரியர் பதிகிறார். தாமே ஒரு பிரமிடினுள் புகுந்து, மூன்றில் இரண்டு பங்கு தூரம் ஏறியபோது அச்சத்தால் நினைவிழந்து, அரை உயிரோடு கீழிறங்கியதையும் அவர் மறைக்கவில்லை. அபுல் ஹவ்ல் சிலையின் முகம் அப்போது சிதையாமல் இருந்தது. கண்ட அதிசயங்களுள் வியக்கத்தக்கது எதுவென ஒருவர் வினவியபோது, அம்முகத்தின் உறுப்புகள் ஒன்றுக்கொன்று கொண்டுள்ள பொருத்தமே என்று அவர் விடையளித்தார். மலையளவு பேருருவில் இயற்கையின் அளவுமுறை பிறழாமல் செதுக்கிய கைத்திறனை அவர் உணர்ந்திருக்கிறார். சுமார் 180 ஆண்டுகள் கழித்து, தீமையை அகற்றுவதாகக் கருதிய ஒருவர் அம்முகத்தைச் சிதைத்தார் என்று மக்ரீஸீ எழுதுவதோடு இதனை ஒப்பிட்டு நோக்க வேண்டும். இருவரும் ஒரே கலிமாவை மொழிந்தவர்கள்; பார்வையில்தான் எத்துணை வேறுபாடு!

ஸலாஹுத்தீனின் மகன் அல்-மலிக் அல்-அஸீஸ் உஸ்மான், ஹிஜ்ரி 593இல் அவையினர் சிலரின் தூண்டுதலால் மூன்றாம் பிரமிடை இடிக்க முற்பட்ட செய்தி இவ்வதிகாரத்தின் சிகரம். எட்டுத் திங்கள் பெரும்பொருள் செலவிட்டும், நாளொன்றுக்கு ஓரிரு கற்களையே பெயர்க்க இயன்றது. பெயர்த்த கல் மணலில் புதையும். அதனை எடுத்து உடைக்க மீண்டும் ஒரு பாடு. இறுதியில் ஆட்கள் களைத்துக் கைவிட்டனர். கீழே கிடந்த கற்குவியலைப் பார்த்தால் பிரமிடு முழுவதும் தகர்ந்ததெனத் தோன்றும், நிமிர்ந்து பிரமிடைப் பார்த்தால் எதுவுமே குறையவில்லை எனத் தோன்றும் என்ற கருத்தில் ஆசிரியர் எழுதுகிறார். ஆயிரம் தீனார் கொடுத்தால் ஒரு கல்லையேனும் பழைய இடத்தில் பழையபடி வைக்க இயலுமா என்று அவர் மேற்பார்வையாளரிடம் கேட்க, பன்மடங்கு கொடுத்தாலும் இயலாது என்ற விடை கிடைத்தது. ஆக்குவதற்கும் அழிப்பதற்கும் உள்ள தொலைவை அவ்விடை அளந்து காட்டிவிடுகிறது. அந்த அரசர் இவரை ஆதரித்தவர் என்பதையும், நூல் எழுதப்பட்டபோது அவர் உயிருடன் இல்லை என்பதையும் சேர்த்தே நாம் எடைபோட வேண்டும்.

இதனையடுத்து, முற்கால அரசர்கள் தம் பகைவர் கட்டியவற்றையும் ஏன் காத்தனர் என்பதற்கு அவர் காரணங்களை அடுக்குகிறார். முதலாவது, அவை காலத்தைக் கணிக்க உதவும் வரலாறு. இரண்டாவது, வேதங்கள் பேசும் சமுதாயங்களுக்கு அவை சாட்சி. கேட்ட செய்தியைக் கண்ட காட்சி உறுதி செய்கிறது. மூன்றாவது, அழிவை நினைவூட்டும் அறிவுரை. நான்காவது, முன்னோரின் அறிவையும் நடைமுறையையும் அறியும் வழி. இவற்றை மறந்த தம் காலத்தார் புதையல் வெறியில் கல்லறைகளைக் குடைந்ததையும், சடலங்களின் பிசினை மருந்தென விற்றதையும் அவர் கடிந்துரைக்கிறார். ஆனாலும் மருத்துவர் என்ற முறையில், அப்பிசின் நிறைந்த மூன்று தலைகளைத் தாமே அரை திர்ஹத்துக்கு வாங்கியதையும் ஒளியாமல் சொல்கிறார்.

கேட்டதும் கண்டதும்

நூலில் குறையே இல்லையா? உண்டு, அதுவும் சிறிதன்று. அலெக்சாண்டிரியாவின் பெருந்தூணை வருணிக்கையில், அங்கிருந்த நூலகத்தை உமர் (ரலி) அவர்களின் அனுமதியோடு அம்ர் பின் ஆஸ் (ரலி) எரித்ததாக ஒரே வரியில் எழுதிச் செல்கிறார். இன்று நமக்குக் கிடைக்கும் நூல்களுள் இக்கதையைக் கூறும் மிகப் பழையவற்றுள் இதுவும் ஒன்று. நகரம் வெற்றி கொள்ளப்பட்டது 642ஆம் ஆண்டை ஒட்டி. இவ்வரி எழுதப்பட்டதோ ஐந்தரை நூற்றாண்டுகளுக்கும் மேலான காலம் கழித்து. இடைப்பட்ட பழைய வரலாற்றாசிரியர் எவரும் கூறாத செய்தி இது. அல்லாமா ஷிப்லி நுஃமானி இக்கதையை மறுத்து எழுதியது யாவரும் அறிந்ததே. மேலை ஆய்வாளரிலும் பெரும்பாலோர் இதனை இன்று ஏற்பதில்லை.

இவ்வரிக்காக அப்துல் லத்தீஃபைப் பகைவராகக் கருதுவது சரியன்று. இவ்வரியை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வதும் நேர்மையன்று. அவருடைய அளவுகோலையே அவர்மீது வைத்துப் பார்ப்போம். ஹிஜ்ரி 597, 598ஆம் ஆண்டுகளில் நைல் பொய்த்துக் கொடும் பஞ்சம் நேர்ந்தபோது, அல்-மக்ஸில் குவிந்து கிடந்த எலும்புகளை அவர் ஆராய்ந்தார். கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று ஜாலீனூஸ் எழுதியிருந்தார். இவரோ இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மண்டையோடுகளைக் கண்டு, அது ஒரே எலும்பு என்று நிறுவினார். எத்துணைப் பெரிய ஆசானாயினும் அவர் சொல்லினும் புலன்களின் சாட்சியே வலிது என்பது அவர் துணிபு. அந்தத் துணிபை நூலகச் செய்தியில் அவர் கைக்கொள்ளவில்லை. கண்டவிடத்து அவர் பிழைபடுவது அரிது. கேட்டதை அப்படியே எழுதியவிடத்து வழுக்கி விழுந்தார். தம் நூலின் பெயருக்கு அவரே விலகிய இடம் அது.

ஓர் ஐயமும் விடையும்

வேதனை இறங்கிய இடங்களுக்குச் செல்லலாகாது என்ற ஹதீஸ் இப்பார்வைக்குத் தடையாகாதா எனச் சிலர் கேட்பர். தபூக் பயணத்தில் அல்-ஹிஜ்ரைக் கடந்தபோது, அழுதவர்களாக அன்றி அங்கு நுழைய வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தோழர்களைத் தடுத்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. கவனித்தால், நுழைவது முற்றாக விலக்கப்படவில்லை. உள்ளம் கசியாமல் நுழைவதே விலக்கப்பட்டுள்ளது. இடிக்குமாறு ஏவப்படவும் இல்லை. அதே அல்-ஹிஜ்ர்தான் 2008இல் சவூதி அரேபியாவின் முதல் உலக மரபுத் தலமாகப் பதிவாயிற்று. 1251இல் மறைந்த அபூ ஜஃபர் அல்-இத்ரீஸீ பிரமிடுகளைப் பற்றித் தனி நூலே செய்தவர். நபித்தோழர்கள் ஜீஸாவில் இவற்றின் அருகிலேயே குடியிருந்தும் இவற்றுக்கு ஊறு செய்யவில்லை என்று அவர் வாதிட்டார்.

எனவே, 2001இல் பாமியான் சிலைகளும், 2012இல் திம்புக்துவின் அடக்கத்தலங்களும், 2015இல் தத்முரின் பழங்கோயில்களும் இஸ்லாத்தின் பெயரால் தகர்க்கப்பட்டபோது, மேலை நாட்டார் மட்டும் வருந்தினர் என்றெண்ணுவது நம் மரபை நாமே அறியாமை. அம்மரபில் கராகூஷும் உண்டு, அப்துல் லத்தீஃபும் உண்டு. யாரைப் பின்பற்றுவது என்பதே வினா. பிறர் சின்னங்களோடு இவ்வினா முடிந்துவிடவும் இல்லை. 2002இல் மக்காவின் உஸ்மானியர் காலத்து அஜ்யாத் கோட்டை இடிக்கப்பட்டது வணிகக் கட்டடங்களுக்காகவே. அதற்கு மார்க்கக் காரணம்கூடக் கூறப்படவில்லை.

மறுபுறம், 1979இல் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்ற ஜீஸாவுக்கு இன்று மக்கள் திரளாகச் செல்கின்றனர். உம்ராவோடு எகிப்தையும் ஜோர்தானையும் இணைத்துச் சுற்றிவரும் நம்மவரும் அவர்களுள் உளர். திரும்பி வந்து அவர்கள் எழுதும் கட்டுரைகளில் விமான நேரமும் விடுதி வசதியும் விரிவாக இருக்கும். அபுல் ஹவ்லின் முகத்தைப் பற்றி ஒரு வரி இருப்பது அரிது. எத்தனை தலங்களைக் கண்டோம் என்ற கணக்கு இப்னு பதூதாவையே பிரமிடின் முன் கைவிட்டது. ஒரே தலமாயினும் நின்று நோக்கி, அளந்து, கேட்டதைக் கண்டதோடு ஒத்துப் பார்த்து, அதன் பின்னரே படிப்பினைக்குக் கடப்பதுதான் அப்துல் லத்தீஃப் காட்டும் வழி.

இந்நூல் தமிழில் வரவேண்டும். பழஞ்சின்னங்கள் பற்றிய அதிகாரமேனும் அரபுக் கல்லூரிகளின் இலக்கியப் பாடத்தில் இடம்பெற வேண்டும். மகாமாத்தின் சொல்லலங்காரத்தில் பயின்ற நம் மாணவர்க்கு, அலங்காரமின்றிக் கண்டதைக் கண்டபடி சொல்லும் அரபு உரைநடையும் பழக்கமாவது நல்லது. நூலகம் பற்றிய அந்த ஒரு வரியையும் விலக்காமல் ஓதிக்கொடுத்து, அது ஏன் பிழையென விளக்குவதே ஆசிரியர் கடமை.