பத்ருல் புதூர் முதல் யாஸ்மின் வரை

சென்ற நோன்புப் பெருநாளுக்கு நம் இல்லம் வந்திருந்த மகள், தான் சிறுமியாயிருந்தபோது உயிராய் நேசித்த சித்திரப்படம் ஒன்றைத் தன் குழந்தைக்குப் போட்டுக் காட்டினாள். வால்ட் டிஸ்னி நிறுவனத்தார் 1992ஆம் ஆண்டு வெளியிட்ட ‘அலாவுத்தீன்’ என்னும் படம் அது. முன்பு அவள் அதனைக் குறுந்தட்டில் தேயத் தேயப் பார்த்தபோதெல்லாம் நாம் அருகே நின்று பிழை சொல்லிக்கொண்டிருந்தோமேயன்றி, அமர்ந்து பார்த்தோமில்லை. இம்முறைதான் ஒன்றரை மணி நேரமும் அமர்ந்து பார்த்தோம்.

நாம் அன்று சொன்ன பிழைகள் இன்றும் பிழைகளே. ‘அக்ரபா’ என்னும் கற்பனை நகரின் கடைவீதிப் பலகைகளில், அரபு எழுத்தென்ற பெயரில் பொருளற்ற கோடுகள் கிறுக்கப்பட்டுள்ளன. தொடக்கப் பாடலோ, முகம் பிடிக்காவிட்டால் காதை அறுத்துவிடும் நாடென்று அரபு மண்ணை வருணித்தது. அமெரிக்காவில் வாழும் அரபு மக்கள் எதிர்த்தபின், 1993இல் ஒளிநாடாவாக வெளியிட்டபோது அவ்வடியை மாற்றினர். ஆயின் அந்நாட்டைக் காட்டுமிராண்டி நாடென்று கூறும் அடுத்த அடியை அப்படியே விட்டுவைத்தனர்.

இவற்றினும் கொடியது இன்னொன்று. மாறுவேடத்தில் கடைவீதிக்கு வரும் இளவரசி ஜாஸ்மின், அதாவது நம் யாஸ்மின், பசித்த சிறுவனுக்கு ஓர் ஆப்பிளை எடுத்துக் கொடுக்கிறாள். உடனே கடைக்காரன் அவள் கையைப் பற்றி வாளை ஓங்குகிறான். இதுவா ஷரீஅத்? திருட்டுக்குத் தீர்ப்பளிக்க வேண்டியவர் காஜியே, கடைக்காரனல்லன். திருடப்பட்ட பொருள் குறித்த பெறுமதியை, ஷாஃபிஈ மத்ஹபின்படி கால் தீனாரை, எட்டியிருக்க வேண்டும். காவலுள்ள இடத்திலிருந்து மறைவாக எடுக்கப்பட்டிருக்க வேண்டும். விரைவில் அழுகும் கனிகளுக்குக் கைவெட்டே இல்லை என்பர் ஹனஃபி இமாம்கள். ஹிஜ்ரி 18ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது கலீபா உமர் (ரலி) அவர்கள் அத்தண்டனையையே நிறுத்தி வைத்தார்கள். பசித்தவனுக்காக எடுத்த ஒரு கனிக்குக் கையை வெட்டும் சட்டம் நம் கிதாபுகளில் எங்கும் இல்லை.

இவற்றையெல்லாம் அன்று அந்தச் சிறுமிக்கு விளக்கினோம். அவள் வாய் திறவாமல் கேட்டுக்கொண்டாள். அந்த மௌனத்தை ஒப்புதலென்றே கொண்டோம்.

இனிக் கதையின் மூலத்திற்கு வருவோம். ‘ஆயிரத்தொரு இரவுகள்’ நூலின் பழைய அரபுச் சுவடிகளில் இக்கதை இல்லை. ஹலபு நகரத்து மாரோனியக் கிறிஸ்தவரான ஹன்னா தியாப் 1709இல் பாரிஸ் நகரில் இதனைச் சொல்ல, பிரெஞ்சு அறிஞர் அந்துவான் கலான் தம் மொழிபெயர்ப்பில் சேர்த்து 1712இல் அச்சிட்டார். அங்கே கதை நடப்பது சீன தேசத்தில். இளவரசியின் பெயர் பத்ருல் புதூர். முழுமதிகளுக்கெல்லாம் முழுமதி என்பது பொருள். அலாவுத்தீனின் தாய் மணிகளைக் கொண்டுசென்று பெண் கேட்கிறாள். மூன்று மாதம் பொறுக்கச் சொன்ன சுல்தான், தவணை முடியுமுன்பே அமைச்சரின் மகனுக்கு அவளைக் கொடுத்துவிடுகிறார். அம்மணம் முறிந்து, நாற்பது பொற்றட்டுகளில் மணிகள் வந்து சேர்ந்ததும், அலாவுத்தீனுக்குக் கொடுக்கிறார். இத்தனை பேச்சிலும் அவள் விருப்பத்திற்கு இடமே இல்லை. ஆனால் கதையின் பிற்பகுதியில் மந்திரவாதிக்கு மருந்து கலந்த கிண்ணத்தை நீட்டி அவனை வீழ்த்துபவள் அவளே. துணிவில்லாதவள் அல்லள், கேட்கப்படாதவள்.

டிஸ்னியார் கதையில் செய்த மாற்றங்கள் பல. அவற்றுள் பொருளுள்ளதாக நாம் காண்பது ஒன்று. அடுத்த பிறந்தநாளுக்குள் இளவரசி ஓர் இளவரசனை மணந்தாக வேண்டும் என்பது படத்தில் வரும் சட்டம். சுல்தானும், அமைச்சர் ஜாஃபரும், இளவரசன் வேடத்தில் வந்த அலாவுத்தீனும் கூடி நின்று அவளது மணத்தைப் பேசுகின்றனர். அவ்வேளை உள்ளே வரும் யாஸ்மின், தன் வாழ்வைத் தன்னைக் கேளாமல் முடிவு செய்ய அவர்களுக்கு என்ன துணிவு என்று சினக்கிறாள். தான் எவரும் வென்றெடுக்கும் பரிசுப் பொருளல்ல என்று கூறிவிட்டு வெளியேறுகிறாள்.

அக்காட்சி வந்தபோது மகள் திரையிலிருந்து கண்ணெடுக்காமல், “வாப்பா, சின்ன வயதில் நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தது இந்த இடத்தைத்தான்” என்றாள். பறக்கும் கம்பளத்தையென்றே இத்தனை ஆண்டுகளும் நாம் எண்ணியிருந்தோம்.

அவளது மணப்பேச்சு நினைவுக்கு வந்தது. மணமகனின் தந்தை, அவளுடைய மாமா, நாம் என மூன்று ஆண்கள் முற்றத்தில் அமர்ந்து பேசி முடித்தோம். முடித்த பிறகே உள்ளே செய்தி அனுப்பினோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கன்னியின் மௌனம் சம்மதம் என்னும் நபிமொழியை நாமே சபையில் எடுத்துரைத்தோம். மாப்பிள்ளை நல்லவர், அல்லாஹ்வின் அருளால் அவர்கள் இல்லறம் இனிதாகவே நடக்கிறது. ஆயினும் அந்நபிமொழியின் முற்பகுதி யாது? கன்னியிடம் அனுமதி கேட்கப்பட வேண்டும் என்பதன்றோ! அவள் நாணத்தால் பேசாதிருப்பாளே என்று ஆயிஷா (ரலி) அவர்கள் வினவியபோதுதான் மௌனம் பற்றிய விளக்கம் வந்தது. கேட்டவர்க்கே மௌனம் விடையாகும். கேளாதவர்க்கு அது வெறும் மௌனம்.

கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களை அவர்தம் தந்தை, அவர் விரும்பாத இடத்தில் மணமுடித்துக் கொடுத்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அம்மணத்தை ரத்துச் செய்தார்கள் என்று புகாரியில் காண்கிறோம். அப்பெண்மணி முன்பே மணமானவர் என்பதும், கன்னியின் தந்தைக்கு ஷாஃபிஈ மத்ஹபில் நிபந்தனைகளோடு தனியுரிமை உண்டு என்பதும் நாம் அறியாதவையல்ல, பாடம் நடத்துபவை. ஆனால் அங்கும் அவளிடம் அனுமதி கேட்பது சுன்னத்தென்றே எழுதியிருக்கிறார்கள். ஹனஃபி மத்ஹபிலோ, வயது வந்த பெண்ணை அவள் சம்மதமின்றி மணமுடிக்கவே இயலாது.

ஆகவே இப்படத்தின்மேல் நம் தீர்ப்பு இரண்டு. நம் சட்டத்தைப் பற்றி அது காட்டுவது அவதூறு. அதனை இன்றும் மறுக்கிறோம். நம் வீடுகளைப் பற்றி அது காட்டுவதில் உண்மை உண்டு. அதனை மறுக்க நமக்கு வாயில்லை. வாளோங்கிய கடைக்காரனைச் சுட்டிக்காட்டுவதிலேயே முனைந்திருந்த நாம், அருகில் அமர்ந்திருந்த சிறுமி எதைப் பார்க்கிறாள் என்பதைக் காணத் தவறினோம். படத்தின் முடிவில் சுல்தான் சட்டத்தை மாற்றி, மகளுக்கு விருப்பமானவரை மணக்க இசைகிறார். நமக்கு மாற்ற வேண்டியது சட்டமன்று; முற்றத்துப் பேச்சு.

படம் முடிந்ததும் மறுபடி போடச் சொன்னாள் பேத்தி. பிழை சொல்ல வாயெடுத்த நாம் நிறுத்திக்கொண்டு, “எந்த இடம் உனக்குப் பிடித்தது, கண்ணே?” என்று கேட்டோம். இளவரசியின் புலி என்றாள். கேட்டதனால் அறிந்தோம். நம் இல்லங்களில் சிறியதிலும் பெரியதிலும் பெண் மக்களைக் கேட்டறியும் பழக்கத்தை வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக!