குடத்தில் இடம்பெறாத ஓலை

முற்போக்கு என்ற சொல் காதில் விழுந்தால் நம் இளைஞர் திரும்பிப் பார்ப்பர். அரசியலிலே முற்போக்கு, இலக்கியத்திலே முற்போக்கு என்று பேசிப் பழகியவருக்கு, இசையிலும் முற்போக்கு உண்டு என்றால் ஆவல் பிறப்பது இயல்பே. 'புரோகிரசிவ் ராக்' என்று மேனாட்டார் வழங்கும் இசை அது. 1960-களின் இறுதியில் இங்கிலாந்தில் கிளைத்தது. மூன்று நிமிடக் காதற்பாட்டு போதாது, நீண்ட இசைக்கோவை வேண்டும். நாலெண்ணிக்கைத் தாளத்தோடு நில்லாமல் ஐந்தும் ஏழும் வேண்டும் என்றனர் அதனை ஆக்கியோர். 1969-இல் கிங் கிரிம்சன் குழு வெளியிட்ட முதல் இசைத்தட்டு இன்றும் அதற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

நல்லது! தாளம் முன்னேறிற்று; கருவி முன்னேறிற்று. மேடை ஏறும் உரிமை முன்னேறிற்றா? அதையன்றோ பகுத்தறிவாளன் கேட்க வேண்டும்!

அந்த இசையால் புகழ்பெற்ற குழுக்களுள் ஒன்று ஜெனிசிஸ். சார்ட்டர்ஹவுஸ் என்னும் செல்வர் வீட்டுப் பள்ளியின் மாணவர்கள் 1967-இல் தம் பாட்டுகளை ஒலிநாடாவில் பதிந்தனர். 'டெமோ' என்பது இதுதான்: எங்கள் சரக்கு இது, கேட்டுப் பாருங்கள் என்று இசைத்தட்டுக் கம்பெனிக்கு விடுக்கும் விண்ணப்பம். அந்த நாடா, அதே பள்ளியில் முன்னர்ப் படித்து இசைத்துறையில் பெயர் பெற்றிருந்த ஒருவர் கைக்குச் சென்றது. 1968 பிப்ரவரியில் டெக்கா கம்பெனியின் முத்திரையோடு முதல் இசைத்தட்டு வெளிவந்துவிட்டது! அதே டெக்காவின் வாயிலில் 1962 புத்தாண்டு நாளன்று லிவர்பூல் இளைஞர் நால்வர் பாடிக் காட்டினர். பேருந்துத் தொழிலாளியின் மகனும் அவர்களுள் ஒருவன். வேண்டாம் என்று அனுப்பிவிட்டது கம்பெனி. பின்னர் உலகையே ஆட்டிவைத்த பீட்டில்ஸ் குழுவினர் அவர்கள். சார்ட்டர்ஹவுஸ் பிள்ளைகளுக்குத் திறமை இல்லை என்பதல்ல நம் வாதம். திறமை உண்டு, திண்ணமாக உண்டு. ஆனால் திறமையைக் கேட்கும் செவி எல்லோருக்கும் ஒன்றுபோல் திறப்பதில்லை என்பதே நாம் காட்ட விரும்புவது.

உத்திரமேரூர்த் தோழர்களுக்கு இது புதுச்செய்தியன்று. நம் ஊர்க் கோயிற்சுவரிலே பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை அவை. முப்பது குடும்புகள், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய ஓலைகள், குடத்திலிட்டுக் குலுக்கிச் சிறுவனைக்கொண்டு எடுக்கச் செய்தல். அந்நாளிலேயே மக்களாட்சி கண்டோம் என்று மார்தட்டுகின்றனர். கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினரையும் விலக்கிய நேர்மை போற்றத்தக்கது, மறுக்கவில்லை. ஆனால் ஓலையில் யார் பெயர் எழுதப்பட்டது? வரிகட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதத்தின் மந்திரமும் பிராமணமும் அறிந்திருக்க வேண்டும். விலக்கப்பட்ட உணவை உண்டவன் பின்னர்க் கழுவாய் செய்து தூயவனானாலும் அவன் பெயர் குடத்தில் விழாது! சதுர்வேதிமங்கலத்துச் சபையல்லவா அது? உழுதவன் ஓலை எங்கே? பறையறைந்தவன் ஓலை எங்கே? பெண்ணின் ஓலை எங்கே? குலுக்கல் நேர்மையாகத்தான் நடந்தது. குடத்தில் இட்டதிலேதான் நேர்மை இல்லை.

இசைக்கும் இப்படியொரு குடம் உண்டு. அதனை உடைக்க முனைந்த முயற்சியென்றே 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் தொடக்கப் பதிவுகளை நான் மதிக்கிறேன். இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசைஞர் டென்மாவும் 2017-இல் உருவாக்கிய குழு அது. அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய 'சாதிபேதமற்ற தமிழர்' என்னும் தொடரிலிருந்து பெயர் பிறந்தது. 2018 சனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. கானா பாடுவோர், ராப் பாடுவோர், கித்தார் மீட்டுவோர் எனப் பத்தொன்பது பேர். இழவு வீட்டு வாசலோடு நில் என்று சொல்லப்பட்ட கானா, ஒலிபெருக்கியின் முன் நிமிர்ந்து நின்றது. பறையும் சட்டியும் கித்தாருக்குச் சமமாக இடம் கேட்டன. இடஒதுக்கீட்டை எள்ளுவோருக்கு விடையாக ஒரு பாட்டு. மாட்டிறைச்சி உண்பதை இழிவென்போருக்கு விடையாக ஒரு பாட்டு. 'விலக்கப்பட்ட உணவு' உண்டோர் தம் ஓலையைத் தாமே எழுதிக்கொண்டு வந்துவிட்டனர்!

போற்றுவதோடு நின்றால் அது திறனாய்வு ஆகாது. குறை இரண்டைக் கூறுவேன். முதலாவது, அப்பதிவுகளில் சொல் முன்னே ஓடுகிறது. தாளம் பின்னே வருகிறது. பறை முழங்கித் தொடக்கத்தை அறிவிக்கிறது; பின்னர்ப் பல இடங்களில் மேனாட்டு முழவுக்குத் துணையாக ஒதுங்கிவிடுகிறது. இரு குச்சிகள், ஒன்று தடித்தது, ஒன்று மெலிந்தது. தீயிற் காய்ச்சிய தோல். தலைமுறை தலைமுறையாகக் காத்த அடிவகைகள். ஐந்தையும் ஏழையும் இங்கிலாந்திடம் கடன் வாங்க வேண்டிய ஏழைக் கருவியா அது? வெறும் பறையை நம்பியே கால்மணி நேர இசைக்கோவை ஒன்று ஆக்கிக் காட்டியிருக்கலாம். முழக்கம் கூட்டத்தை எழுப்பும். இசை ஆழ்ந்தால்தான் கூட்டம் கலைந்த பின்னும் நெஞ்சில் நிற்கும்.

இரண்டாவது, பத்தொன்பதின்மரில் பெண் ஒருவரே; இசைவாணி. கானாவில் ஆண்குரலே ஆட்சி செய்த காலத்தில் அவர் பாட எழுந்தது பெருமை. அவர் தனித்து நின்றது பெருமையன்று. சாதியை மறுக்கும் குடத்தில் பெண்ணின் ஓலை ஒன்றுதானா?

இக்குறைகள் முயற்சியைத் தாழ்த்தா. அடுத்த குழுவுக்கு வழிகாட்டும். அந்த அடுத்த குழு சென்னையில்தான் பிறக்க வேண்டும் என்று விதி ஏது? இன்று மாதிரிப் பதிவுக்குக் கம்பெனியின் கூடம் வேண்டா. கையிலுள்ள தொலைபேசியே போதும். சாவுக்கு மட்டும் அழைக்கப்படும் பறைக் கலைஞனையும், நாற்று நடவில் பாடும் மூதாட்டியையும், கித்தார் பழகும் கல்லூரி மாணவியையும் ஒரே பந்தலில் அமரவைக்கும் துணிவுதான் வேண்டும். அழைப்பவர் கூலிக்கு அழைப்பதா, கூட்டாளியாக அழைப்பதா என்பதிலேதான் முற்போக்கின் சோதனை இருக்கிறது.

ஏழெண்ணிக்கையில் தாளம் போட்டுவிட்டு, தாளம் போடுபவனைத் திண்ணைக்கு வெளியே நிறுத்தும் இசை, எத்தனை நுட்பமானாலும் பிற்போக்கே. உத்திரமேரூரின் கல் பழையது. இனி எழுதும் ஓலையாவது புதியதாகட்டும்!