நடந்த வழி, அடைத்த வழி

சிங்கப்பூரில் வாழும் அமர்தீப் சிங்கும் வினிந்தர் கௌரும் எடுத்த ‘அல்லிகரி’, குரு நானக் நடந்ததாகச் சொல்லப்படும் வழிகளைத் தேடிப்போகும் 24 பகுதி ஆவணத்தொடர். 2021இல் வெளிவந்தது. ஒன்பது நாடுகளில் எடுத்தார்கள், இலங்கையும் ஒன்று.

சீக்கியத் தலங்களோடு நின்றுவிடாமல் பிற மதத்தார் தலங்களுக்கும் போவதே இதன் பலம். நானக் பாட, ரபாப் மீட்டியபடி உடன் நடந்த மர்தானா முஸ்லிம் அல்லவா?

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பழைய நல்லிணக்கத்தில் தோயும் தொடர், இன்றைய எல்லைகளை இன்னும் கடுமையாகக் கேட்டிருக்கலாம். பாகிஸ்தானிலுள்ள கர்தார்பூரையே எடுத்துக்கொள்வோம். நானக் 1539இல் மறைந்த அங்கே இந்துக்கள் வணங்கச் சமாதியும் முஸ்லிம்கள் வணங்கக் கல்லறையும் அருகருகே இருக்கின்றன. 2019 நவம்பரில் திறந்த பாதையில் இந்திய யாத்ரீகருக்கு விசா வேண்டாம். ஆனால் 20 டாலர் கட்டி, வளாகத்துக்குள்ளேயே சுற்றி, அன்றே திரும்பிவிட வேண்டும். அயலாரின் வீட்டில் ஒருவேளை சாப்பிட வழியில்லை. 2025 மே மாதம் இந்தியா அதையும் மூடியது.

உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் ஊர்க்கோயிலை விட்டுவந்த நம்மவருக்கு இது விளங்கும். தரிசனத்தை அரசு அனுமதிக்கலாம்; உறவுக்கு ஊருக்குள் போய்வர வேண்டும். அந்த எண்ணத்தோடு தொடரைப் பாருங்கள்.