பெட்டி கடைக்காரருடையது, கணக்கு யாருடையது?

மாசி மகத்தன்று மயிலம் முருகன், தீவனூர் பிள்ளையார் என்று சுற்றுவட்டார ஊர்களின் உற்சவ மூர்த்திகள் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வந்து சேர்வார்கள். பல்லாயிரம் பேர் ஒரே மணல்பரப்பில் கூடும்போது செல்பேசிக் கோபுரங்கள் திணறுவது இயல்பு. யூபிஐயில் பணம் அனுப்பினால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். குருசுக்குப்பத்திலிருந்து பிரெஞ்சுக் காலத் தெருக்கள் வரை உள்ள சிறு விடுதிகளும் உணவகங்களும் அப்படிப்பட்ட நாள்களில் தங்கள் சொந்த ஃபைபர் இணைப்பையும் வைஃபையையும் நம்பித்தான் பில் போட வேண்டும்.

கடலுக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணத்தில், நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் ஆண்டுத் திருவிழா 25 நாள் நடக்கிறது. கனடாவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் வருகிறவர்களால் தங்குமிடங்கள் நிரம்பும். வந்தவர்கள் முதலில் கேட்பது வைஃபை கடவுச்சொல்லைத்தான்.

இந்த இரண்டு ஊர்க் கடைக்காரர்களுக்கும் இன்று ஒரே சரக்கு விற்கப்படுகிறது: கிளவுட் மூலம் நிர்வகிக்கும் ரவுட்டர், சுவிட்ச், ஆக்சஸ் பாயின்ட். பெட்டியின் அடியில் உள்ள கியூஆர் குறியை ஃபோனில் ஸ்கேன் செய்தால் போதும், கருவி தானாகக் கணக்கில் சேர்ந்துவிடும். இரண்டாம் மாடி ஆக்சஸ் பாயின்ட் நின்றுபோனால் விழுப்புரத்தில் இருக்கும் சிஸ்டம் சர்வீஸ்காரருக்கே அது தெரியும். பஸ் ஏறாமல் அங்கிருந்தே ரீஸ்டார்ட் கொடுப்பார். நெட்வொர்க்குக்கென்று தனி ஆள் வைத்துக்கொள்ள முடியாத சிறுதொழிலுக்கு இது பெரிய உதவிதான். ஆனால் புதுச்சேரிக் கடைக்காரர் வாங்குமுன் பார்க்க வேண்டியது ஒன்று, யாழ்ப்பாணக் கடைக்காரர் பார்க்க வேண்டியது வேறொன்று. அந்த வித்தியாசத்தை விற்பனைக் கையேடுகள் சொல்வதில்லை.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். வாடிக்கையாளர் பார்க்கும் வீடியோவோ, கடையின் பில் விவரமோ இந்தக் கருவிகளின் கிளவுட் வழியாகச் சுற்றிப் போவதில்லை. அவை வழக்கம்போல் நேராக இணையத்துக்குப் போகின்றன. கிளவுடுக்குச் செல்வது அமைப்பு விவரங்களும், யார் இணைந்தார் விலகினார் என்ற பதிவுகளும், கருவியின் நலம் பற்றிய தகவலும்தான். சர்வர் மும்பையில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும் வைஃபை வேகம் மாறாது. ஆகவே தூரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது பணமும் சட்டமும் மின்சாரமும்.

இந்தக் கிளவுட் முறையைப் பரவலாக்கியது மெராக்கி. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நடந்த ரூஃப்நெட் என்ற ஆய்வுத் திட்டத்திலிருந்து 2006இல் பிறந்த இந்த நிறுவனத்தை 2012இல் சிஸ்கோ 120 கோடி டாலருக்கு வாங்கியது. பெட்டியை விற்றதோடு நிற்காமல் ஆண்டு லைசென்ஸையும் சேர்த்து விற்பது அதன் வழி. நெடுங்காலம் நடப்பிலிருந்த விதிப்படி, லைசென்ஸ் முடிந்தால் 30 நாள் அவகாசம். அதற்குள் புதுப்பிக்காவிட்டால், காசு கொடுத்து வாங்கிய கருவியே இணையத்தைக் கடத்தாது.

சிறுதொழில் சந்தையில் இதற்கு எதிர்வழியில் போனவர்களும் உண்டு. யுபிக்விட்டியின் யூனிஃபையும் டிபி-லிங்க்கின் ஒமாடாவும் கருவிகளை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் மென்பொருளை இலவசமாகத் தருகின்றன. கடையில் உள்ள கணினியிலோ, ஒருமுறை வாங்கும் சிறு பெட்டியிலோ அதை ஓட்டலாம். எச்.பி. என்டர்பிரைஸ் 2019இல் கொண்டுவந்த அரூபா இன்ஸ்டன்ட் ஆனில் ஆண்டுக் கட்டணம் இல்லை. ஆனால் அதன் ஆக்சஸ் பாயின்ட்களின் அமைப்பை மாற்றக் கிளவுட் கட்டாயம் வேண்டும். ஆக, சந்தையில் இருப்பவை மூன்று வகை: கட்டணமும் கிளவுடும் கட்டாயமானவை, கட்டணம் இல்லாமல் கிளவுட் மட்டும் கட்டாயமானவை, இரண்டுமே விருப்பத்துக்கு விடப்பட்டவை.

புதுச்சேரிக்காரரின் தேர்வில் சட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்பையொட்டி வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் பூட்டில்லாத ஒரு வைஃபை வழியாக அனுப்பப்பட்டது. அதன் பிறகு 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை வைஃபை பாதுகாப்புக்கு உத்தரவு போட்டது. பொது இடத்தில் வைஃபை தருபவர், பயன்படுத்துவது யார் என்று தெரிந்துகொண்டு தர வேண்டும் என்பது அதன் சாரம். இந்திய விடுதிகளிலும் விமான நிலையங்களிலும் செல்பேசி எண் கேட்டு ஓடிபி அனுப்பும் வழக்கம் வேரூன்றியது இப்படித்தான். பிரான்சிலிருந்து புதுச்சேரிக்கு வந்து இறங்கும் பயணியிடம் இந்திய எண் இருக்காது. அவருடைய பாஸ்போர்ட் விவரத்தை வெளிநாட்டவர் பதிவுப் படிவத்துக்காக விடுதி எப்படியும் வாங்கியாக வேண்டும். அப்போதே ஒரு வவுச்சர் எண்ணை அச்சிட்டுக் கொடுத்துவிடலாம். இங்கே விற்கும் கருவியில் ஓடிபி, வவுச்சர் இரண்டும் இருக்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம்.

அடுத்தது இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணை. இணையத் தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும். கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். கருவிகளின் கடிகாரங்கள் அரசு நேர சர்வர்களோடு ஒத்துப்போக வேண்டும். சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு அந்த ஆண்டு செப்டம்பர் 25 வரை அவகாசம் தரப்பட்டதே தவிர, விலக்கு தரப்படவில்லை. கேட்டால் எடுத்துத் தர முடிகிறவரை பதிவுகளின் ஒரு பிரதி வெளிநாட்டில் இருக்கலாம் என்றும் விளக்கம் வந்தது. இலவசக் கிளவுட் கணக்குகளின் வலை இங்கேதான் விரிகிறது. சில நிறுவனங்களின் இலவசத் திட்டத்தில் பதிவுகள் ஒரு நாளுக்கு மேல் நிற்பதில்லை. 180 நாள் வேண்டுமென்றால் கட்டணத் திட்டத்துக்கு மாற வேண்டும். இல்லையேல் கடையிலேயே ஒரு கணினியில் சிஸ்லாக் முறையில் பதிவுகளைச் சேமிக்க வேண்டும். “லைசென்ஸ் ஃப்ரீ சார்” என்று சொல்லி விற்பவரிடம் “லாக் எத்தனை நாள் நிற்கும்?” என்று கேட்பவர் குறைவு.

இலங்கைக் கடைக்காரரை முதலில் பிடிப்பது டாலர். ஆண்டுக்கு 100 டாலர் லைசென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 2022 பெப்ரவரியில் அதன் விலை இலங்கை ரூபாவில் சுமார் 20,000. மே மாதத்தில் அதே லைசென்ஸ் 36,000 ரூபா. இந்தியாவில் அதே ஆண்டில் அது சுமார் 7,500 ரூபாயிலிருந்து 8,300 ரூபாய்க்குத்தான் ஏறியது. விலை ஏறியதோடு சிக்கல் முடியவில்லை. அந்த ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்துவதாக இலங்கை அரசு அறிவித்தது. வங்கிகளிடம் அந்நியச் செலாவணி இல்லை. நாணயக் கடிதம் (எல்.சி.) திறக்க இறக்குமதியாளர்கள் அலைந்தார்கள். ஆகஸ்டில் 300 வகைப் பொருள்களின் இறக்குமதி தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. வெளிநாட்டில் உறவினர் இருந்தவர்களுக்கு அவர்களுடைய கார்டில் கட்டணம் கட்டும் வழியாவது இருந்தது. மற்றவர்களுக்கு, ஆண்டுக் கட்டணத்தை நம்பியிருக்கும் கருவி என்பது தலைக்கு மேல் தொங்கும் கத்திதான். அந்த ஆண்டைப் பார்த்தவர், ஒருமுறை காசு கொடுத்தால் வேலை முடிந்தது என்னும் கருவியைத் தேடுவதில் முழு நியாயம் இருக்கிறது.

கருவி வரும் வழியும் வேறு. வைஃபை ஒரு வானொலிக் கருவி. இலங்கை தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தல் ஆணைக்குழுவின் அங்கீகாரம் பெற்ற மாதிரியையே கொண்டுவரலாம், அதற்கான உரிமம் உள்ளவரே விற்கலாம். வெளிநாட்டிலிருந்து உறவினர் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் ஆக்சஸ் பாயின்ட் சுங்கத்தில் நின்றுவிடக்கூடும். தப்பி வந்தாலும் அதன் உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு முடிந்துவிடும். இந்தியாவிலும் வயர்லெஸ் கருவிக்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும். ஆனால் பிரபலமான மாதிரிகள் சென்னை ரிச்சி தெருவில் அனுமதியோடும் பில்லோடும் கிடைப்பதால் கடைக்காரர் அதை உணர்வதில்லை.

வரி விகிதம் இரண்டு நாட்டிலும் ஒன்றுபோலத் தோன்றும்: இந்தியாவில் ஜிஎஸ்டி 18 சதவீதம், இலங்கையில் 2024 ஜனவரி முதல் வற் (மதிப்புக் கூட்டு) வரியும் 18 சதவீதம். கையில் விழும் சுமை ஒன்றல்ல. தமிழ்நாட்டில் சரக்கு விற்பவருக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு 40 லட்சம் ரூபாய்; புதுச்சேரியில் 20 லட்சம். அதனால் இங்கே சிறிய துணிக்கடையும் பதிவுக்குள் வந்து, ரவுட்டருக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரவாகக் கழித்துக்கொள்ளும். ஆனால் 5 சதவீத வரியில் இயங்கும் உணவகத்துக்கு அந்த வரவு கிடையாது. இலங்கையில் 2024இல் வற் பதிவு வரம்பு ஆண்டுக்கு 6 கோடி ரூபா. அதற்குக் கீழே இருக்கும் கடை வரியைத் திரும்பப் பெறவே முடியாது; 18 சதவீதமும் செலவுக் கணக்கில்தான் போகும்.

மூன்றாவது, மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு அமலானது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதில் நாடே இருண்டது. ரவுட்டருக்கென்றே சின்ன மின்கல யூபிஎஸ் வாங்கும் பழக்கம் அங்கே பரவியதற்கு இந்த அனுபவமே காரணம். புதுச்சேரியில் தினசரி மின்வெட்டு அப்படியில்லை. இங்கே புயல்தான் சோதனை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. வீதிகள் மூழ்கின, மின்சாரம் துண்டிக்கப்பட்டது.

இரண்டு ஊருக்கும் பொருந்தும் தீர்வு பிஓஇ சுவிட்ச். நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் போவதால், ஆக்சஸ் பாயின்ட் ஒவ்வொன்றுக்கும் தனி அடாப்டர் வேண்டாம். சுவிட்சுக்கும் ஃபைபர் மோடத்துக்கும் சேர்த்து ஒரே யூபிஎஸ் போட்டால் மின்வெட்டிலும் மொத்த வைஃபையும் நிற்காமல் ஓடும். சுவிட்சைத் தரைத்தளத்தில் மேசைக்கடியில் வைக்காமல், தண்ணீர் எட்டாத உயரத்தில் சுவரில் பொருத்த வேண்டும். வைத்திக்குப்பம் போன்ற கடலோரத்தில் உப்புக்காற்றும் ஒரு செலவு. மொட்டைமாடியில் மாட்டிய ஆக்சஸ் பாயின்டின் கேபிள் முனையைக் கழற்றிப் பார்த்தால், செப்புக் கம்பியில் பச்சை பூத்திருக்கும். இணைப்பு விட்டுவிட்டு வரும். டேஷ்போர்டோ “ஆஃப்லைன்” என்று மட்டும் காட்டும். இதைக் கிளவுடிலிருந்து யாரும் சரிசெய்ய முடியாது. வெளியில் மாட்டுவதற்கென்று செய்த உறையுள்ள கருவியும், முனையை அடைக்கும் ரப்பர் மூடியும், மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை ஆள் ஏறிப் பார்ப்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

கிளவுட் நடத்துபவர்களும் தவறுகிறார்கள். 2017 ஆகஸ்டில் மெராக்கியின் சேமிப்பில் நேர்ந்த ஒரு பிழையால், வாடிக்கையாளர்கள் ஏற்றிவைத்த சில கோப்புகள் அழிந்தன. 2023 டிசம்பரில் யூனிஃபை பயனர்கள் சிலருக்கு அறிமுகமே இல்லாத மற்றவர்களின் கருவிகள் திரையில் தெரிந்தன. கூகுள் 2015இல் விற்ற ஆன்ஹப் ரவுட்டருக்கான ஆதரவை 2023 ஜனவரியில் நிறுத்தியதும், செயலியிலிருந்து அதை நிர்வகிக்க முடியாமல் போனது. அரசு நடத்தும் கிளவுடும் விதிவிலக்கல்ல. இலங்கை அரசின் கிளவுடை 2023இல் ரான்சம்வேர் தாக்கியதில், மூன்று மாதத்துக்கு மேற்பட்ட அரசு மின்னஞ்சல்கள் மீளாமல் போயின. அந்தக் காலத்துக்கான காப்புப்பிரதி இல்லை. அமைப்பு விவரத்தின் பிரதியை மாதம் ஒருமுறை இறக்கி ஒரு பென் டிரைவில் வைக்கும் கடைக்காரர் இத்தகைய நாளில் அரை மணியில் எழுந்துவிடுவார்.

இரு நாட்டிலும் அடி ஒரே இடத்தில் விழுகிறது: கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதில். கருவியை மாட்ட வரும் ஆள் தன் சொந்த மின்னஞ்சலில் கிளவுட் கணக்கைத் திறந்து, கடைக்காரரின் கருவிகளை அதில் சேர்த்துவிடுவது இங்கும் உண்டு, அங்கும் உண்டு. பெரும்பாலும் அதில் கெட்ட எண்ணம் இல்லை. வேலை சீக்கிரம் முடியட்டும் என்பதுதான். பிறகு அவர் வேலை தேடித் துபாய் போய்விடுகிறார், அல்லது கட்டணத் தகராறு வருகிறது. அப்போது சீரியல் எண் பழைய கணக்கில் பூட்டிக் கிடக்கும். ரீசெட் பொத்தானை அழுத்தினாலும் சில தயாரிப்புகள் புதுக் கணக்கில் சேராது. வாங்கிய பில்லைக் காட்டி, நிறுவனத்துக்கு எழுதி, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். கடையின் மின்னஞ்சலில் கணக்கு திறக்கப்பட்டு, சர்வீஸ்காரர் அதில் நிர்வாகியாக மட்டும் சேர்க்கப்பட்டிருந்தால் இந்த அலைச்சலே இல்லை. முதலாளியின் இரட்டைச் சரிபார்ப்பு எண் முதலாளியின் ஃபோனுக்கே வர வேண்டும்.

2024 பிப்ரவரி 12 முதல் இலங்கைக் கடைகளிலும் இந்தியரின் யூபிஐ செல்லுபடியாகிறது. புதுச்சேரியிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவர் அங்கே கியூஆரை ஸ்கேன் செய்யும்போது, இரு கரைகளின் வியாபாரமும் ஒரே இணைய இழையில் தொங்குகிறது. அந்த இழை அறுந்தால் என்ன ஆகும் என்பதைக் கருவி வாங்கும் அன்றே சோதித்துவிடலாம். மாட்ட வந்தவருக்குப் பாக்கிப் பணத்தைக் கொடுக்குமுன் ஃபைபரைப் பத்து நிமிடம் கழற்றி வைக்கச் சொல்ல வேண்டும். பில்லிங் மெஷினும் பிரிண்டரும் தங்களுக்குள் பேசுகின்றனவா என்று பார்க்க வேண்டும். அடுத்து கன்ட்ரோலரை அணைக்க வேண்டும். யூனிஃபை, ஒமாடா போன்றவற்றில் சாதாரண வைஃபை ஓடும், விருந்தினருக்கான உள்நுழைவுப் பக்கம் மட்டும் நிற்கும். ஆகவே ஓடிபியையும் வவுச்சரையும் நம்பும் புதுச்சேரி விடுதிக்குக் கன்ட்ரோலரும் யூபிஎஸ்ஸில் இருந்தாக வேண்டும். வரவேற்பறையில் கடவுச்சொல்லை எழுதி வைத்திருக்கும் யாழ்ப்பாண விடுதிக்கு அந்தக் கவலை இல்லை. அது கேட்க வேண்டியது, லைசென்ஸ் முடிந்த மறுநாளும் பெட்டி ஓடும் என்பதை பில்லிலேயே எழுதித் தர முடியுமா என்று.