புது வசதிக்குப் பணமுண்டு, பழுதுக்கு இல்லை

மேலூர்ப் பக்கம் அனுமதியில்லாமல் மலையை வெட்டுகிறார்கள் என்று கலெக்டர் ஆபீஸில் மனு கொடுப்பவர், தன் பேரையும் ஊரையும் எழுதித்தான் ஆக வேண்டும். மதுரை கலெக்டராக இருந்த சகாயம் 2012இல் கிரானைட் முறைகேட்டை அறிக்கையாக எழுதியபோது அவருக்குப் பதவியாவது துணை இருந்தது. கனிமக் கொள்ளை பற்றிப் புகார் கொடுத்துவந்த திருமயம் ஜகபர் அலிக்கு அதுவும் இல்லை. 2025 ஜனவரியில் லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். ஆளைக் காட்டாமல் தகவல் அனுப்புவது இங்கே உயிர்ப் பிரச்சினை. ஆகவே, அப்படித் தகவல் அனுப்ப உதவும் டோர் (Tor) வலையமைப்பை யார் பணம் நடத்துகிறது என்பது நம் கேள்வியும்தான்.

டோரின் வேர் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் இருக்கிறது. செய்தி மூன்று கணினிகள் வழியே சுற்றிப் போகும். அனுப்பியவர், போய்ச்சேரும் இடம் இரண்டையும் சேர்த்து அறிந்த கணினி அவற்றில் ஒன்றுகூட இராது. அமெரிக்க அரசுப் பணத்தில் வளர்ந்ததால் இது உளவுக் கருவி என்பாருண்டு. நிரலை யாரும் படித்துச் சோதிக்கலாம் என்பதால் அந்தச் சந்தேகம் எனக்குப் பெரிதில்லை.

என் கவலை வேறு. நல்கை தருபவர்கள் பெரும்பாலும் திட்டத்துக்குத்தான் தருகிறார்கள்: இன்ன வசதி, இத்தனை மாதம், கடைசியில் அறிக்கை. இதில் பலன் இல்லாமல் இல்லை. தன்னார்வலரின் பிரவுசரையே இடைவழியாக்கும் ஸ்னோஃப்ளேக் என்னும் டோர் வசதி, 2021 டிசம்பரில் ரஷ்யா டோரைத் தடுத்தபோதும், 2022இல் ஈரானியர் வீதிக்கு வந்தபோதும் கைகொடுத்தது. நாளை இங்கே தடை வந்தாலும் உதவும். ஆனால் பழைய பிழையைத் திருத்துவதும், திடீர்த் தாக்குதலைச் சமாளிப்பதும் எந்த விண்ணப்பத்தில் அடங்கும்? பிழை திருத்துவதற்கென்றே 2019இல் டோரை நடத்தும் அமைப்பு பொதுமக்களிடம் தனியே நிதி திரட்டியது. 2020 ஏப்ரலில் தன் ஊழியர் 35 பேரில் 13 பேரை வேலையிலிருந்து அனுப்பியது. வருவாயில் அமெரிக்க அரசின் பங்கு 2021-22இல் பாதிக்கு மேல். 2023-24இல் சுமார் 35 விழுக்காடு. இன்னும் குறைய வேண்டும். ஒரே அரசின் மனமாற்றத்தில் ஆட்டம் காணும் கருவியை நம்பி ஒருவர் தன் உயிரை வைக்க முடியாது.

ஒரு குறைக்கு மட்டும் வாஷிங்டனைப் பழிக்க முடியாது. டோர் பிரவுசர் பர்மிய மொழியிலும் தாய்லாந்து மொழியிலும் கிடைக்கிறது, தமிழில் இல்லை. மொழிபெயர்ப்பில் பெரும்பங்கு தன்னார்வலர்களுடையது. டோர் பிரவுசர் ஃபயர்பாக்ஸின் மேல் கட்டப்பட்டது. ஃபயர்பாக்ஸ் ஏற்கெனவே தமிழில் இருக்கிறது. மிச்சம், இணைப்பு, பாலம், பாதுகாப்பு நிலை என்று டோருக்கே உரிய வாசகங்கள்தான். எச்சரிக்கை புரியாமல் ‘ஓகே’ அழுத்துகிறவர் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடக்கூடும். அந்த வாசகங்களைத் தமிழாக்க யாருடைய நல்கையும் வேண்டாம்; மதுரைக் கல்லூரி மாணவர்கள் சிலர் சேர்ந்து உட்கார்ந்தாலே போதும்.